பல் தேய்ந்த குதிரைக்கு என்ன போடுவது? லாய வேலைக்குப் புதியவர்களுக்கு

வயதான குதிரையைப் புதியவரிடம் ஒப்படைத்தால் சிக்கல் இருக்காது என்று லாயங்களில் பலர் நினைக்கிறார்கள். சவாரி கிடையாது, சாதுவாக நிற்கும், அவ்வளவுதானே என்று. ஆனால் பல் தேய்ந்து, லாமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சியும் ஒருமுறை வந்துபோன குதிரைக்குத் தீவனம் போடுவதுதான் அங்கே மிகக் கடினமான வேலை.

காரணம் இதுதான். மெல்ல முடியாத குதிரைக்கு மென்மையான தீவனம் வேண்டும். நம் லாயங்களில் மென்மையான தீவனம் என்றால் வேகவைத்த கொள்ளு, பார்லி, தவிடு, மேலே ஒரு கட்டி வெல்லம். எல்லாவற்றிலும் மாவுச்சத்தோ சர்க்கரையோ உண்டு. அவை இரத்தத்தில் இன்சுலினை ஏற்றும். குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு மறுபடி தளரும். ஆகவே குழைவாக இருக்க வேண்டும், இனிப்பு இருக்கக் கூடாது. எந்த மூட்டையைப் பிரித்தாலும் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனத்தை மாற்றும் முன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்து தேய்ந்துகொண்டே இருக்கும். 25 வயதைத் தாண்டியபின் பல குதிரைகளுக்கு மெல்லும் பரப்பே மிஞ்சாது. தொட்டியடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டை, சாணத்தில் நீள நார், வாய்நாற்றம் ஆகியவை அடையாளங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை தேவை.

400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த நார்த்தீவனம் போக வேண்டும். புல்லை மெல்ல முடிகிற குதிரையென்றால் உலர்புல்லைக் குளிர்ந்த நீரில் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சர்க்கரை கரைந்த அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சென்னை வெயிலில் மிச்சம் சீக்கிரம் புளிக்கும், எடுத்துவிடுங்கள். அறவே மெல்ல முடியாவிட்டால் உலர்புல் பெல்லட்டையோ குதிரை மசால் பெல்லட்டையோ கையால் பிசைந்தால் கூழாகும்வரை ஊறவைத்து, நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குதிரை மசால் எல்லாக் குதிரைக்கும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று தீவனக் கம்பெனியிடம் கேளுங்கள். எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் மெல்ல மெல்லச் செய்யுங்கள்.

ஊறாத பெல்லட் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியே தீவனமும் நுரையும் வந்தால் தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது நுரையீரலுக்கு ஆபத்து.

மெலிந்திருந்தால் தானியம் வேண்டாம். தாவர எண்ணெயைச் சிறிதாகத் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். உப்பும் தாது உப்புக் கலவையும் தினமும் வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தொடர்ந்து போட்டால் எலும்பு கெடும். பருத்திருந்தால் பட்டினி போடாதீர்கள். குறிப்பாக மட்டக்குதிரைகளுக்குப் பட்டினியால் கொழுப்பு இரத்தத்தில் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

மேய்ச்சலுக்கு விடிகாலை நல்லது, ஏனென்றால் பகலில் சேர்த்த சர்க்கரையைப் புல் இரவில் செலவழித்துவிடுகிறது. ஊட்டியில் வேலை செய்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: உறைபனி விழுந்த இரவில் அந்தச் சர்க்கரை புல்லிலேயே தங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் பனி படர்ந்த காலைகளில் அவிழ்த்துவிடாதீர்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டது, மிச்சம் விட்டது, வாரந்தோறும் நெஞ்சுச் சுற்றளவு என்று எழுதுங்கள். விடுப்பில் போகும்போது மாற்று ஆளிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள். "காலங்காலமாகக் கொள்ளுதானே போடுகிறோம்" என்று மூத்தவர் சொன்னால் வாதாடாமல் நோட்டைக் காட்டி, மருத்துவர் முன்னிலையில் பேசுங்கள். பார்வையாளர்கள் வெல்லம் நீட்டினால் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கோடையிலும் ரோமம் உதிராமல் சடையாக நின்றால் குஷிங் நோய்க்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். லாமினைட்டிஸ் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

தினமும் காலையும் மாலையும் நான்கு குளம்புகளையும் தொட்டுப் பாருங்கள், குளம்புக்கு மேலே நாடி பாருங்கள். சூடும் துடிப்பும் கூடியிருந்தால், திரும்பும்போது தயங்கினால், முன்கால்களை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் மேலாளரை எழுப்பி மருத்துவரை வரவழையுங்கள்.