இரத்தச் சுத்திகரிப்புக் குழாயைப் பேணுதல்: சவளக்கடைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியிலிருந்து கழிவையும் மிகை நீரையும் இயந்திரத்தின் மூலம் அகற்றும் இரத்தச் சுத்திகரிப்பு, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என நடந்தாலும், வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரமே வைத்தியசாலையில் கழிகிறது. உன் வாப்பாவின் கழுத்து நாளத்தினுள் செலுத்தப்பட்டு, மேல் நெஞ்சின் தோல் வழியே வெளிவரும் கதீற்றர் என்னும் மென்குழாய், எஞ்சிய 156 மணி நேரமும் வீட்டாரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

கிருமி உட்புகும் வழிகள் இரண்டு. முதலாவது, குழாய் வெளிவரும் துவாரம். தோலிலும் மூக்கிலும் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு இவ்வழியே உள்ளே நகரும். நீண்டகாலப் பாவனைக்கான குழாயில், தோலின் கீழ் அமைந்த சிறு பட்டையைச் சுற்றிச் சில வாரங்களில் இழையம் வளர்ந்து இவ்வழியை அடைத்துவிடும் என்பதால், குழாய் இழுபடாமல் ஒட்டி வைத்திருப்பது மிக அவசியமாகும். இரண்டாவது வழி, சிவப்பு, நீல நிறங்களால் வேறுபடுத்தப்பட்ட குழாய் முனைகள். அவற்றின் மூடி திறக்கப்படும்போது கிருமி நேரே குருதியை அடையக்கூடும். உட்சுவரில் ஒட்டிய கிருமிகள் பசைப்படலமொன்றைச் சுரந்து அதனுள் மறைந்துகொள்வதால், மருந்து அவற்றை முற்றாக எட்டாமல், குழாயையே அகற்ற நேர்வதும் உண்டு.

ஆகவே மூடிகளையும் கிளிப்புகளையும் சுத்திகரிப்புப் பிரிவின் தாதியர் மட்டுமே திறக்க வேண்டும். அப்போது வாப்பாவும் தாதியும் முகக்கவசம் அணிந்திருப்பது, மூச்சோடு வரும் கிருமியைத் தடுப்பதற்காகும். அவசரமல்லாத வேளையில் இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ இக்குழாயைப் பயன்படுத்தலாகாது. குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநீக்கியால் துவாரத்தைத் துடைத்து மருந்துக்கட்டை மாற்றுவதும் பெரும்பாலும் தாதியரின் பணியே. கட்டு நனைந்தாலோ கழன்றாலோ, அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே அறிவிக்க வேண்டும். தாடியைச் செம்மைப்படுத்தும் கத்தரிக்கோலும் சவரக் கத்தியும் குழாயின் அருகே வரலாகாது. பெண் நோயாளியாயின் முக்காட்டு ஊசிக்கும் இதே விதி பொருந்தும்.

வயலும் கடலும் அண்மையிலுள்ள சவளக்கடை போன்ற ஊரில் நீரே பெரிய சோதனை. கிணற்றடியில் தலையோடு நீர் வார்ப்பதும், குளத்திலோ கடலிலோ இறங்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. இடுப்புக்குக் கீழே நீர் ஊற்றி, மேலுடலை ஈரத்துணியால் துடைப்பது பாதுகாப்பானது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையே கட்டைத் தளர்த்திவிடும். கட்டு நனையும் என்ற அச்சத்தால் ஒழுவும் கடமையான குளிப்பும் தவறுமோ என வாப்பா கலங்கத் தேவையில்லை. கட்டின் மேல் ஈரக்கையால் தடவவும், நீருக்குப் பதிலாகத் தூய மண்ணால் தயம்மும் செய்யவும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தருகிறது, அதன் முறையை மௌலவியிடம் கேட்டறியலாம்.

துவாரத்தில் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதமின்றிக் காட்ட வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், துவாரம் பார்வைக்கு நன்றாயிருப்பினும், கிருமி குருதியில் கலந்திருக்கலாம். பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும். குழாய் கழன்றுவிட்டால் தூய துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்தபடியும், மூடி கழன்றால் கிளிப்பை உடனே இறுக்கிவிட்டும், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்பியுலன்ஸை அழைக்க வேண்டும்.

இக்குழாய்க்கு மாற்றாக, கையின் நாடியொன்றை நாளத்தோடு இணைக்கும் பிஸ்டுலா என்னும் சத்திரசிகிச்சை முறையைப் பிரெஷியா, சிமினோ முதலியோர் 1966இல் வெளியிட்டனர். உடலுக்கு வெளியே குழாய் எதுவும் இல்லாததால் அதில் தொற்று மிகக் குறைவு. ஆனால் அது பயன்பாட்டுக்கு முதிரப் பல வாரங்கள் செல்லும் என்பதால், வாப்பாவுக்கு அது பொருந்துமா என்பதை அடுத்த கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்பதும், அதற்கெனத் தெரிவாகும் கையில் ஊசி குத்தாமல் காப்பதும் இப்போதே தொடங்க வேண்டியவை.