வேர்க்கடலைத் துருவுக்கு வெயில்தான் காரணமா?

அரக்கோணம் சுற்றுவட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேர்க்கடலை இலையின் அடிப்புறம் செம்பழுப்பாகப் பொடி. தேய்த்தால் கையில் ஒட்டுகிறது. வெயில் கூடியதால் வந்த புது நோயா? – வாசகர், நெமிலி

பதில்: துரு நோய். புதிதும் அல்ல. 1969 வரை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களுக்குள்ளேயே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா, சீனா எல்லாம் வந்துவிட்டது.

எந்த இலை கருகினாலும் 'கிளைமேட் மாறிப்போச்சு' என்று கைகழுவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் துருவின் வித்துகள் காய்ந்த சருகில், கோடை வெயிலில், நெடுநாள் பிழைக்காது. அதற்குப் பச்சை வேர்க்கடலைச் செடி வேண்டும். மார்கழிப் பட்டத்துக் கடலையைப் பிடுங்கிய பிறகு வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சிந்தியது முளைத்து நிற்கிறதே, ஆடிப் பட்டம் வரை நோய் அதில்தான் தங்குகிறது. அதை விட்டுவிட்டு உரக்கடைக்கு ஓடி என்ன பயன்? தானாக முளைத்த செடியை முதலில் பிடுங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் பிடுங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் காற்று கொண்டுவந்து சேர்த்துவிடும். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 ரகம் துருவைத் தாங்கும்.

கேள்வி: நெல்லில் குலை நோய். யூரியா போட்டால் பயிர் தேறுமா? – வாசகர், தக்கோலம்

பதில்: தேறாது, நோய்தான் கொழுக்கும். யூரியாவை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: வெயில் ஏறினால் பூஞ்சை செத்துவிடாதா? – கல்லூரி மாணவி, சோளிங்கர்

பதில்: நல்ல கேள்வி. எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே கணக்கு இல்லை. குலை நோய்க்குக் குளிர்ந்த இரவும் இலையில் நெடுநேரம் நிற்கும் பனியும் வேண்டும். கடலையின் வேரழுகலுக்கோ சூடேறிக் காய்ந்த மண்தான் வசதி. 612 வகைப் பயிர்ப் பூச்சிகளையும் நோய்க்கிருமிகளையும் ஆராய்ந்து 2013-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: 1960 முதல் இவை ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்ந்திருக்கின்றன. வடக்கே போகிறது, நமக்கு விட்டது என்று எண்ண வேண்டாம். ஒன்று விலகும் இடத்தில் வெப்பம் தாங்கும் இன்னொன்று வலுக்கும்.

நகர்வதற்குக் காற்றே போதும். வடஇந்தியச் சமவெளியின் கோடையில் கோதுமைத் துரு பிழைப்பதில்லை; நீலகிரி, பழனி, இமயமலைக் குளிரில் தங்கியிருந்து மீண்டும் சமவெளிக்கு வருகிறது என்று தாவர நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா பல ஆண்டு உழைப்பில் காட்டினார்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் மகன் பெட்டியில் கொஞ்சம் விதை கொண்டுவரலாமா? – வாசகர், அரக்கோணம்

பதில்: கூடாது. 1985-இல் பிரேசிலில் கண்டறியப்பட்ட கோதுமைக் குலை நோய் 2016-இல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. அது தென் அமெரிக்க வகை என்று மரபணு ஆய்வு காட்டியது. இறக்குமதித் தானியத்தோடு வந்திருக்கலாம் என்பது சந்தேகம். எல்லைக்கு இந்தப் பக்கம் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை விதைப்பையே சில ஆண்டுகள் நிறுத்தினார்கள். சென்னை மீனம்பாக்கத்தில் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருக்கிறது. முன் அனுமதியும் அங்கே சோதனையும் இல்லாமல் ஒரு பிடி விதைகூட வேண்டாம் என்று மகனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.