காது மெஷினைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, தங்கச்சி

எந்தச் செயலியை இறக்கலாம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய், தங்கச்சி. உன் வகுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அரசு முகாமில் ஏற்கெனவே கொடுத்த கருவிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரி. பாதி வீட்டு பீரோவில் இருக்கும், மீதி தலைமையாசிரியர் அறையில் இருக்கும். "தொலைச்சிடுவான் டீச்சர்" என்பார்கள். பிள்ளையின் காதில் இல்லாத மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்து என்ன பயன்?

காது மெஷினைப் பிள்ளை கழற்றி வைக்கிறது என்றால் அடம் என்று முடிவு கட்டாதே. பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்தாது. பிள்ளை வளர வளரக் காதும் வளரும், பழைய அச்சு தளர்ந்துவிடும். 'கீ' என்று விசில் அடித்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி அச்சை மாற்ற ஏற்பாடு செய். பட்டன் பேட்டரியின் மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளைப் பிரித்ததுமே பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் தேவைப்படும்போது மட்டும் பிரி. பிரித்த பிறகு ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டு, அப்புறம் போடு.

தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு சின்ன சோதனை செய். வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த முறை இது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். நேற்று சொன்ன 'ஸ்' இன்று வரவில்லை என்றால் மெஷினைப் பார். நல்ல மெஷினே ஆனாலும் தூரம் கூடினால் உன் குரல் மங்கிவிடும், மின்விசிறிச் சத்தம்தான் முன்னால் நிற்கும். பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதே.

கண் பார்வை குறைந்த பிள்ளைக்கு முதல் கருவி ஜெராக்ஸ் கடைதான். ஏ4 பக்கத்தை ஏ3-க்குப் பெரிதாக்கினால் எழுத்து 141 சதவீதம் ஆகும். ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளத் துளை வெட்டிக் கொடு, கண் அடுத்த வரிக்குத் தாவாது. பலகையில் எழுதியதை உன் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டலாம். பார்வையே இல்லாத பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் லேபில் என்விடிஏ போடச் சொல். திரையில் இருப்பதைத் தமிழிலும் வாசிக்கும் இலவச மென்பொருள் அது. அதற்காக பிரெய்லை விட்டுவிடாதே. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் விரலில்தான் வரும்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு நான் பெரிதாக நம்புவது உன் குரலைத்தான். நாளைய பாடத்தை நிதானமாக வாசித்துப் பதிவு செய்து அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. பிள்ளை புத்தகத்தில் விரல் வைத்து, கேட்டுக்கொண்டே தொடரட்டும். மறுநாள் வகுப்பில் அந்தப் பாடம் அவனுக்குப் புதிதாக இருக்காது. பதிவை மொத்த வகுப்புக்கும் அனுப்பு, யாரும் அவனைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள்.

விடை தெரிந்தும் எழுத முடியாத பிள்ளைக்குப் போனில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. தமிழை நன்றாகவே பிடிக்கும், பிழையை நீ கூட உட்கார்ந்து திருத்து. இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எழுத ஆள் வந்து என்ன செய்ய? அந்தப் பழக்கத்தை மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே தொடங்கிவிடு.

பேச்சு வராத பிள்ளைக்கு, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி படத்தைத் தொட்டால் பேசும், தமிழிலும் பேசும். டேப் கிடைக்கும் வரை காத்திருக்காதே. தண்ணீர், பாத்ரூம், வலிக்குது, வேண்டாம் என்று நான்கு படம் ஒட்டிய அட்டையை இன்றைக்கே மேசையில் ஒட்டு. 'வேண்டாம்' படத்தைக் கட்டாயம் சேர். மறுக்க வழி இல்லாத பிள்ளைதான் கடிக்கும், அழும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதே. ஒரு பிள்ளையை எடுத்துக்கொள், அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார், அதற்கு ஒரு கருவி கொடு, ஒரு மாதம் விடாமல் பயன்படுத்து. சான்றிதழ் வேலையை மட்டும் தள்ளிப் போடாதே, தங்கச்சி. இந்த வாரமே சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிட்டுப் பேசு.