சலைனா, ரிங்கர் லாக்டேட்டா?

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்குச் சலைன் ஏற்றுகிறார்கள், இன்னொருவருக்கு ரிங்கர் லாக்டேட். எது பாதுகாப்பானது?

பதில்: நார்மல் சலைன் பெயரளவில்தான் நார்மல். ஒரு லிட்டரில் சோடியமும் குளோரைடும் தலா 154 மில்லிமோல். இரத்தத்திலோ குளோரைடு 100-ஐ ஒட்டியே இருக்கும். லிட்டர் லிட்டராக ஏற்றினால் மிகுதிக் குளோரைடு இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு சுமார் 110தான். 2018-இல் அமெரிக்காவில் 15,802 பேரை வைத்து வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில் குளோரைடு குறைந்த இவ்வகைத் திரவங்கள் சலைனைவிடச் சிறுநீரகத்தைச் சற்றே கூடுதலாகக் காத்தன. தலைக்காயத்திலோ சலைனே உகந்தது. ரிங்கர் லாக்டேட் மூளை வீக்கத்தைக் கூட்டக்கூடும்.

ஆனால் வகையைவிட அளவே பெரிய கேள்வி. கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் இருந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு 2011-இல் வெளியானது. வேகமாகச் சலைன் ஏற்றப்பட்டவர்களில் சுமார் 10.5 விழுக்காட்டினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. நல்லெண்ணத்தில் கொடுத்த திரவமே உயிரைப் பறித்தது. செப்சிஸ் (நோய்த்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) கண்ட பெரியவர்களுக்கு முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. என்பது தொடக்கம் மட்டுமே. அதன்பின் ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும், கால்களை உயர்த்தினால் இதயம் வெளியேற்றும் இரத்தம் கூடுகிறதா, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.