பிரேக் பிடித்தால் ஜீப் உதறுகிறதா? டிஸ்க் வாங்கும் முன் இதைப் பார்

ஆழியாரிலிருந்து வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. தார், ஜிம்னி மாதிரி ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் தம்பி தங்கைகள் மலை இறங்கி வந்த கையோடு சொல்வது: "அக்கா, பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் உதறுது." ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், ஓட்டிக்கூடப் பார்க்காமல் "டிஸ்க் பெண்டு, மாத்திடலாம்" என்று விடுவார்கள். மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு அதே உதறல். பழைய டிஸ்க்கைக் கெடுத்த காரணம் வண்டியிலேயே இருந்தால் புதுசையும் அது கெடுக்காமல் விடாது. அதனால் பணத்தை எடுக்கும் முன் காரணத்தைத் தேடு.

முதலில், அது பிரேக்கால் வரும் உதறல்தானா? ஆளில்லாத நேரான ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் போய்ப் பார். அப்போதே ஆட்டம் இருந்தால் வீல் பேலன்சிங், ரிம் வளைவு, டயர் என்று பார்க்க வேண்டும். சேற்றில் இறங்கி வந்த வண்டி என்றால் ரிம்மின் உள்பக்கத்தில் கை விட்டுப் பார். அங்கே ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டிய மண் கட்டி ஒன்றே முழு வண்டியையும் ஆட்டும். வாட்டர் சர்வீஸில் வெளிப்பக்கம் மட்டும்தான் பளபளக்கும். உள்பக்கமும் அடிக்கச் சொல். 4ஹெச்சில் போட்டு விட்டு மறந்திருந்தால், காய்ந்த தார் ரோட்டில் வளையும்போது வண்டி இழுத்து இழுத்துத் திமிறும். அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. 2ஹெச்சுக்கு மாற்று. இனி சொல்லும் சோதனை எல்லாமே 2ஹெச்சில்தான். ஜல்லியில் அழுத்திப் பிடிக்கும்போது பெடலில் கடகடவென்று அடிப்பது ஏ.பி.எஸ், அதை நோய் என்று நினைக்காதே.

பிரேக் பிடித்தால் மட்டும்தான் வருகிறது என்று உறுதியானால், முன்னாலா பின்னாலா என்று பிரி. ஸ்டீயரிங் கையில் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்பக்கம். சந்தேகமாக இருந்தால், காலியான சமதள ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழு. அதிர்வு வந்தால் பின் டிரம். இது பின்னால் டிரம் இருக்கிற, கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிக்கு மட்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் செய்யாதே. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போல ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் வண்டிகளில் ஓட்டத்தில் இழுக்கவே கூடாது.

பின் டிரம் என்றால் கதை சின்னது. ஓடையில் இறங்கிய வண்டியில் மணலும் சேறும் உள்ளே தங்கியிருக்கும், அல்லது துருப் பிடித்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, டிரம் வட்டமாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்.

முன்பக்கம் என்றால்தான் பொறுமை வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு எண்ட். இவற்றில் ப்ளே இருந்தால் டிஸ்க்கில் இருக்கும் கொஞ்சக் குறையையும் பெரிதாக்கிக் காட்டும். முதலில் அதைச் சரி செய்.

அடுத்து டிஸ்க்கைக் கழற்றியதும், அது உட்காரும் ஹப்பின் முகத்தைப் பார். நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். போல்ட்டுகளைச் சுற்றி மரப்பட்டை மாதிரி துரு பொருக்குத் தட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். மையத்தில் இருக்கும் அந்தச் சாய்வு விளிம்புக்குப் போகும்போது இன்னும் கூடும். உடனே ஒன்றும் தெரியாது. பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். அந்த இடம் மட்டும் தேயும். இரண்டு மூன்று மாதத்தில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். அப்போதுதான் உதறல் ஆரம்பிக்கும். டிஸ்க் 'பெண்டு' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் நடந்திருப்பது இந்தத் தடிமன் மாற்றம்தான். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரியும். தலைமுடியின் தடிமன்கூட அதைவிட அதிகம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மைக்ரோமீட்டரால் சுற்றி எட்டு இடத்தில் அளக்கச் சொல். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, டிஸ்க்கை நட்டுப் போட்டு இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கட்டும். ஆட்டம் மேனுவலில் உள்ள அளவைத் தாண்டினால், டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளந்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பஞ்சர் கடையில் ஏர் கன்னால் டர்ரென்று முறுக்குவதும் இதே சாய்வைக் கொண்டுவரும். பக்கத்தில் நின்று, கை ஸ்பேனரால் எதிரெதிர் நட்டாக இறுக்கச் சொல். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இறங்கும் பழக்கமும் முக்கியம். இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்துக்கொள்ளட்டும். காலை பெடலிலேயே வைத்திருக்காதே. டிஸ்க் கொதிக்கிற சூட்டில் ஆழியார் செக்போஸ்ட்டில் வந்து பெடலை மிதித்தபடியே நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடு.

வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரே ஒரு சக்கரம் மட்டும் சுட்டுக் கருகல் வாடை வந்தாலோ காலிப்பர் பின் சிக்கியிருக்கும். பெடல் உள்ளே இறங்கினால் அதைவிட ஆபத்து. இந்த மூன்றில் எது வந்தாலும் ஓட்டாதே, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடு.

அளந்து பார்த்த பிறகும் டிஸ்க்தான் என்றால், அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனைப் பார். மிச்சம் இருந்தால் லேத்தில் கடையலாம்; இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து, பேடோடு மாற்று. மாற்றியதும் காலி ரோட்டில் 60லிருந்து 20க்கு எட்டுப் பத்து முறை, முழுதாக நிற்காமல், இடைவெளி விட்டுப் பிடி. முடித்ததும் உடனே நிறுத்தாமல், பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வா.