டைட்டிலும் ஒரு பாயிரமே: 'சாருலதா' படத்தின் தொடக்கத்தை முன்வைத்து

திரைப்படத்தின் தொடக்கத்தில் நடிகர்கள், கலைஞர்கள் பெயர்கள் ஓடும் பகுதியை டைட்டில் என்கிறோம். வெள்ளவத்தை சவோய் திரையரங்கில் அது இருக்கை தேடி அமரும் நேரம். வீட்டில் பார்ப்போருக்கு அதைத் தாண்டிச் செல்லப் பொத்தானே இருக்கிறது. ஆனால் நல்ல இயக்குநர் கதையை அங்கேயே தொடங்கிவிடுகிறார்.

உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்குரிய செய்திகளாக எட்டைக் கூறுகிறது. ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் அவற்றுள் அடங்கும். நூல் சொல்லவரும் பொருளும் அடங்கும். பாயிரத்தைப் படித்தவர் ஆயத்தமான மனத்தோடு நூலுக்குள் நுழைகிறார். டைட்டிலும் இவ்வாறே பெயர்களோடு பொருளையும் உணர்த்தலாம்.

எல்லா டைட்டிலும் அப்படி அமைவதில்லை. 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகள் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து வர, தேவாவின் இசை முழங்கும். அது ரசிகரின் ஆரவாரத்தை எழுப்புகிறது. கதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' (1958) படத்துக்கு சோல் பாஸ் அமைத்த டைட்டிலில், ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து சுருள்கள் சுழன்று வருகின்றன. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒருவனின் கதை அது. அவனுடைய மயக்கத்தை, அவனைக் காணும் முன்பே நாம் உணர்கிறோம்.

இவற்றைவிட அமைதியானது சத்யஜித் ரேயின் 'சாருலதா' (1964). தாகூரின் 'நஷ்டநீர்' என்ற குறுநாவலைத் தழுவிய இப்படம் 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் நிகழ்கிறது. பெயர்கள் ஓடும்போது திரையில் தெரிபவை ஒரு பெண்ணின் கைகளும் ஊசியும் துணியுமே. கைக்குட்டை ஒன்றில் 'பி' என்ற ஆங்கில எழுத்தை அவள் பூவேலையாகத் தைக்கிறாள். ரே தாமே அமைத்த இசை மெல்ல ஒலிக்கிறது. வேறொன்றும் நடப்பதில்லை.

ஆனால் அதற்குள் கதை முழுவதும் இருக்கிறது. அந்த எழுத்து அவளுடைய கணவன் பூபதியின் பெயரின் முதலெழுத்து. அவன் வீட்டிலேயே ஆங்கிலப் பத்திரிகை நடத்துபவன். எந்நேரமும் அதிலேயே மூழ்கியிருப்பவன். சாருவோ படித்தவள், எழுதும் ஆற்றல் உள்ளவள். பெரிய வீடு, பணியாட்கள், நிறைந்த வசதி, பேசத்தான் ஆளில்லை. அவள் கைகள் மெதுவாக நகர்வதால் அவளிடம் எவ்வளவு நேரம் குவிந்து கிடக்கிறது என்பது தெரிகிறது. அவள் தைப்பது அவனுடைய பெயரை. அவனோ பக்கத்தில் இல்லை. அன்பும் தனிமையும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன.

டைட்டில் முடிந்ததும் சாரு கையில் சிறு தொலைநோக்கியுடன் ஜன்னல் ஜன்னலாகச் சென்று தெருவைப் பார்க்கிறாள். சற்று நேரத்தில் பூபதி புத்தகத்தில் ஆழ்ந்தபடி அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அவனையும் அவள் அதே தொலைநோக்கியால்தான் பார்க்கிறாள். டைட்டிலைப் பார்த்தவருக்கு இந்தத் தூரம் வியப்பளிக்காது, வலிக்கும்.

படத்தின் முடிவும் கைகளைப் பற்றியதே. கணவனை உள்ளே வருமாறு சாரு கை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான். இரு கைகளும் தொடுமுன் காட்சி உறைந்து நிற்கிறது. 'நஷ்டநீர்', அதாவது சிதைந்த கூடு, என்ற சொல் அங்கேதான் திரையில் தோன்றுகிறது. தொடக்கத்தில் தனியாக வேலை செய்த கையை நினைவில் வைத்திருப்பவருக்கே இம்முடிவின் கனம் முழுமையாகப் புரியும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் வீடுகளில் உம்மாவோ உம்மம்மாவோ பூவேலை செய்த தலையணை உறையோ மேசை விரிப்போ இருக்கும். வேலைப்பாட்டைப் புகழ்கிறோம். தைத்த வேளையில் அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. கைக்குட்டையைப் பெற்றுக்கொள்ளும் பூபதியும், இதற்கெல்லாம் உனக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்றே வியக்கிறான். அவனுக்குத் தெரியாத விடையை ரே நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டார். பொத்தானை அழுத்தித் தாண்டிச் சென்றவர்களும் பூபதியைப் போலவே அதைக் காணாமல் போகிறார்கள்.