அருஷாவில் சாட்சி சொன்ன பெண்கள்

போர் வந்தால் வயல் பாழாகும், வீடு எரியும், மாடு கன்று போகும். இவற்றையெல்லாம் எழுதிக் கிராம சேவையாளரிடம் கொடுக்கிறோம். பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் வன்முறை மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. 'குடும்ப மானம்' என்று மூடிவிடுகிறோம். குற்றம் செய்தவன் தலை நிமிர்ந்து நடக்கிறான். பாதிக்கப்பட்டவர் தலை குனிகிறார். இந்நிலை மாறக்கூடியதா? ஆபிரிக்காவின் ருவாண்டா நாட்டுப் பெண்களின் அனுபவத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நடந்தது என்ன?

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ருவாண்டாவில் துட்சி இன மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். தாபா என்னும் பிரதேசத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் பிரதேச அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தனர். அங்கே தலைவராக இருந்தவர் ஜோன் போல் அக்காயேசு. பாதுகாப்புத் தரவேண்டிய அந்த வளவிலேயே பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டனர்.

அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு சர்வதேச நீதிமன்றை அமைத்தது. அது தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கியது. 1997 ஜனவரியில் அக்காயேசு மீதான வழக்கு தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் வல்லுறவு பற்றி எதுவும் இருக்கவில்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். இன்னொரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதியரசர்கள் மேலும் வினவினர். அவர்களுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாபிரிக்காவின் டேர்பனில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த இவரே அப்போது அந்நீதிமன்றின் ஒரே பெண் நீதியரசர். 1997 ஜூனில் வல்லுறவுக் குற்றமும் சேர்க்கப்பட்டது. சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டு, எழுத்துக்களால் மாத்திரம் குறிக்கப்பட்டன.

தீர்ப்பு

1998 செப்டெம்பர் 2ஆம் திகதி வந்த தீர்ப்பில் மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

1. ஓர் இனத்தை அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலையே. ஒரு சர்வதேச நீதிமன்று இவ்வாறு தீர்ப்பளித்தது இதுவே முதற் தடவை.

2. அக்காயேசு தானே வல்லுறவு செய்ததாக வழக்கில்லை. அதிகாரத்தில் இருந்துகொண்டு, தடுக்காமல், பேச்சால் ஊக்குவித்தமைக்காகவே அவர் குற்றவாளியானார்.

3. ஆயுதம் ஏந்தியோர் சூழ நிற்கும்போது அந்த அச்சமே பலவந்தம். உடலில் காயம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

குறைகளும் உண்டு

தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கும் அதிகாரம் அந்நீதிமன்றுக்கு இருக்கவில்லை. 2015இல் அது மூடப்பட்டது. 2002 முதல் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றுக்கு அவ்வதிகாரம் உண்டு. ஆனால் இலங்கை அதில் உறுப்பு நாடல்ல.

நமக்குரிய பாடம்

வேதாகமத்தில் தாமாரை அவளது சொந்தச் சகோதரனே பேசாதிருக்கச் சொன்னான் (2 சாமுவேல் 13). நாம் அப்படிச் சொல்லலாகாது. பேசும்படி வற்புறுத்தவும் கூடாது. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சொன்னால் நம்பிக் கேட்போம், வைத்திய உதவிக்கு உடன் செல்வோம், பெயரைக் காப்போம்.

கலந்துரையாடுவோம்

1. நமது முகாமில் ஒரு பெண் இதைச் சொல்ல வந்தால், யாரிடம் அச்சமின்றிச் சொல்லலாம்?
2. அவரைப் பேசவிடாமல் தடுப்பவை எவை? அவற்றுள் நாமே உண்டாக்கியவை எவை?
3. ஆண்கள் இதில் செய்யவேண்டியது என்ன?